பழைய வேன் வாங்கும் முன்: பழுதைக் கண்டுபிடிக்கவும் செலவைக் கணிக்கவும்

10, 15 வருடம் ஓடிய வேனை வாங்கினால் முதல் வருடத்திலேயே பட்டறைச் செலவு வரும். பயப்பட வேண்டியதில்லை, ஆனால் தெரிந்தே வாங்க வேண்டும். விற்பவர் சொல்லும் விலைக்கு மட்டும் பணத்தைப் புரட்டிக்கொண்டு போகிறவர்கள்தான் மூன்றாம் மாதமே வண்டியை ஓரம்கட்டிவிட்டுத் தவிக்கிறார்கள். கையில் இருக்கும் தொகையில் நான்கில் ஒரு பங்கையாவது பழுதுக்கென்று ஒதுக்கிவிட்டு, மீதிக்கு வண்டி பாருங்கள். ஒதுக்கிய பணம் எங்கெல்லாம் போகும், அதில் எதைத் தவிர்க்கலாம் என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

வேன் என்பது உழைத்த வண்டி. சுமையோடு ஓடியிருக்கும். நின்று நின்று கிளம்பிய ஓட்டம், ஓயாமல் திறந்து மூடிய கதவு, மாறி மாறி ஓட்டிய டிரைவர்கள், என்ஜினை அணைக்காமலே சாமான் இறக்கிய நேரங்கள், எல்லாம் அதில் தடம் பதித்திருக்கும். ஓடோமீட்டரில் கிலோமீட்டர் குறைவாகத் தெரிந்தாலும் என்ஜின் ஓடிய மணி நேரம் அதிகமாக இருக்கலாம். கார் பார்க்கிற கண்ணோடு வேனைப் பார்த்தால் கிளட்ச், பின்பக்கப் பட்டை ஸ்பிரிங், ஸ்லைடிங் கதவு மூன்றும் தப்பிப் போகும்.

செலவை எதை வைத்து அளப்பது?

ஊருக்கு ஊர், மாடலுக்கு மாடல் விலை மாறும். ஒரு பாகத்தைக் கழற்றி மாட்ட ஆகும் நேரம் அந்த அளவுக்கு மாறாது. ஆகவே செலவை இங்கே ‘கூலி மணி’ என்ற கணக்கில் சொல்கிறேன். உங்கள் மெக்கானிக் ஒரு மணி நேர வேலைக்கு என்ன வாங்குகிறார் என்று கேட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள். அதோடு ஸ்பேர் விலையைக் கூட்டினால் உங்கள் ஊர்க் கணக்கு வந்துவிடும்.

இப்படிப் பார்க்கும்போதுதான், சாமான் மலிவு என்பதால் வேலையும் மலிவாகிவிடாது என்பது புரியும். கிளட்ச் ரிலீஸ் பேரிங் உள்ளங்கையில் அடங்கிவிடும்; அதை மாற்ற கியர் பாக்ஸையே இறக்க வேண்டும். வண்டிக்குள் சூடு தரும் ஹீட்டரின் குட்டி ரேடியேட்டர் ஒழுகினால், பல வண்டிகளில் டாஷ்போர்டைப் பிரித்தால்தான் கை எட்டும். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் விலை அதிகம்தான், ஆனால் பெரும்பாலான வண்டிகளில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் மாற்றிவிடலாம்.

ஏறக்குறைய இப்படி வைத்துக்கொள்ளுங்கள். முன் பிரேக் பேட் மாற்ற 1 மணி நேரம். வீல் பேரிங் ஒன்றுக்கு 1 முதல் 3 மணி. டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்பும் சேர்த்து 3 முதல் 6. கிளட்ச் 4 முதல் 8. ஹெட் கேஸ்கெட் (என்ஜினின் மேல் பாகமான சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) 8 முதல் 15, லேத் பட்டறைக் கூலி தனி. என்ஜினையே இறக்கி வேறொன்று ஏற்றினால் 12 முதல் 20 மணி அல்லது அதற்கும் மேல். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் என்ஜின் இருக்கும் இடம். குட்டை மூக்குள்ள வேன்களில் என்ஜினின் பாதி டாஷ்போர்டுக்கு அடியில் போய்விடும். சிலவற்றில் அது முன் சீட்டுக்குக் கீழேயே இருக்கும். அதே வேலை, அதே சாமான், ஆனால் கை நுழையாத இடம் என்றால் நேரம் இரட்டிப்பாகும். எனவே ஒரு மாடலை முடிவு செய்வதற்கு முன்பே மெக்கானிக்கிடம், “இந்த வண்டியில் கிளட்ச் மாற்ற எத்தனை மணி, டைமிங் வேலைக்கு எத்தனை மணி?” என்று கேளுங்கள். இந்த இரண்டு பதில்களில் அந்த மாடலின் பராமரிப்புச் செலவு பாதி தெரிந்துவிடும்.

முதல் படி: காகிதம்

வண்டியைப் பார்க்கும் முன் பில்களைப் பாருங்கள். சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை இருந்தால் நல்லது. பட்டறை பில் இருந்தால் அதைவிட நல்லது, ஏனென்றால் அதில் எந்தப் பாகம், எத்தனையாவது கிலோமீட்டரில் மாற்றினார்கள் என்று இருக்கும். டைமிங் பெல்ட், கிளட்ச், கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) மூன்றுக்கும் தேதியைத் தேடுங்கள். “போன வருடம்தான் மாத்தினோம்” என்று வாயால் சொல்வதை மாற்றாததாகவே கணக்கில் வையுங்கள். விற்பவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை; அவருக்கு முன்பிருந்தவர் சொன்னதை அவர் நம்பியிருக்கலாம்.

பதிவுக் காகிதத்தில் உள்ள 17 எழுத்து வாகன அடையாள எண்ணும் வண்டியில் அடித்திருக்கும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். அதே எண்ணைக் கொடுத்து, நிறுவனம் திரும்ப அழைத்துச் சரிசெய்ய வேண்டிய குறை ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று அதிகாரபூர்வ டீலரிடம் விசாரிக்கலாம். அப்படி இருந்தால் பெரும்பாலும் இலவசமாகவே செய்து தருவார்கள்.

இரண்டாம் படி: குளிர்ந்த என்ஜின்

போகும் முன் விற்பவரிடம், “நான் வரும்வரை வண்டியைக் கிளப்ப வேண்டாம்” என்று கேட்டுக்கொள்ளுங்கள். சூடான என்ஜின் பல குறைகளை மறைத்துவிடும். நீங்கள் போகும்போது பானெட் சூடாக இருந்தால், ஆறும்வரை மற்றவற்றைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். ஆயில் கறுப்பாக இருப்பது டீசல் வண்டியில் சாதாரணம். பால் கலந்த காப்பி நிறத்தில் கொழகொழவென்று இருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம். குறைந்த தூரமே ஓடும் வண்டியில் குளிர்காலத்தில் மூடியில் மட்டும் கொஞ்சம் ஈரம் படிவதுண்டு. அளவுக் குச்சியிலும் அதே நிறம் இருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். டீசல் வண்டியில் குச்சியில் ஆயில் அளவு மேல் கோட்டையும் தாண்டி, மோந்து பார்த்தால் டீசல் வாடை அடிக்கிறதா? அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பிறகு ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் சைலன்சர் பக்கம் நில்லுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் எரிபொருளுக்கு ஏற்ற காற்று போகவில்லை. வெள்ளை ஆவி குளிர்ந்த காலையில் கொஞ்ச நேரம் வந்து மறைந்தால் பரவாயில்லை. என்ஜின் சூடான பிறகும் அடர்த்தியாக, லேசான இனிப்பு வாடையோடு வந்துகொண்டே இருந்தால் கூலன்ட் எரிகிறது. டைமிங் செயின் உள்ள என்ஜினில் கிளம்பிய முதல் சில நொடிகள் கடகடவென்று சங்கிலிச் சத்தம் கேட்டால், செயினோ அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோ தேய்ந்திருக்கிறது.

மூன்றாம் படி: சூடு

பழைய வேன்களின் என்ஜின் பெரும்பாலும் ஆயுள் முடிந்து சாவதில்லை, சூடேறிச் சாகிறது. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். கூலன்ட் சுற்றும் பாதையில் உள்ள சாமான்கள் எல்லாமே ஒப்பீட்டளவில் மலிவு: ரப்பர் ஹோஸ், சூட்டுக்கு ஏற்பக் கூலன்ட் பாதையைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி, விசிறி, வாட்டர் பம்ப். இவற்றில் ஒன்று கெட்டதைக் கவனிக்காமல் ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளைந்து, ஹெட் கேஸ்கெட் போய்விடும். 1 மணி நேரக் கூலியில் முடிந்திருக்க வேண்டிய வேலை 15 மணி நேரத்தில் வந்து நிற்கும்.

ரேடியேட்டர் மூடியைச் சும்மா ஒரு மூடி என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். அதில் உள்ள ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. வெளியே 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர், 1 பார் அழுத்தம் கூடினால் 120 டிகிரிக்குப் பக்கத்தில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் காய்ந்து அழுத்தம் கசிந்தால், மற்றதெல்லாம் சரியாக இருந்தும் ஏற்றத்தில் வண்டி கொதிக்கும். அதனால் பழைய வேன் வாங்கியவுடன் மூடியையும் தெர்மோஸ்டாட்டையும் கேட்காமலே மாற்றிவிடச் சொல்வேன். என்ஜின் சூடாக இருக்கும்போது மட்டும் அந்த மூடியைத் திறக்கவே கூடாது, வெந்துவிடும்.

பார்க்கும்போது செய்ய வேண்டியது: குளிர்ந்த நிலையில் கூலன்ட்டின் நிறத்தைப் பாருங்கள். துருப் பழுப்பு நிறம் என்றால் வெகுநாளாக வெறும் தண்ணீரில் ஓடியிருக்கிறது. மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பாருங்கள். பிறகு வண்டியை 20 நிமிடமாவது ஓட்டி, வந்து நின்ற பிறகும் என்ஜினை அணைக்காமல் விடுங்கள். விசிறி தானாகச் சுழலத் தொடங்கி, சூடு இறங்கியதும் நிற்க வேண்டும். வெப்பமானி முள் நடுவில் நின்றுவிட்டால் நல்லது. ஏறி ஏறி இறங்கினால் சந்தேகம். முள் மேலே வராமலே இருந்தால் தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கலாம்.

ஹெட் கேஸ்கெட் மீது சந்தேகம் வந்தால் ஒரு எளிய சோதனை உண்டு. கூலன்ட் தொட்டியின் வாயில் ஒரு நீல நிறத் திரவக் குழாயை வைத்து ஆவியை இழுப்பார்கள். எரிந்த வாயு கூலன்ட்டில் கலந்திருந்தால் திரவம் நிறம் மாறும். அரை மணி நேர வேலை. ஒரு என்ஜினின் விதியையே சொல்லிவிடும் சோதனை இது. இதற்குக் கூலி கொடுக்கத் தயங்காதீர்கள். கேஸ்கெட் மாற்ற வேண்டி வந்தால், ஹெட்டைக் கழற்றிய கையோடு லேத் பட்டறைக்கு அனுப்பி, வளைவு பார்த்து, அடிப்பரப்பை மட்டமாக்கி (ஃபேஸிங்), விரிசல் சோதனையும் முடித்த பிறகே மாட்டச் சொல்லுங்கள். அதைச் செய்யாமல் புதுக் கேஸ்கெட்டை மட்டும் வைத்து மூடினால் சில மாதங்களில் மறுபடி பிரிக்க வேண்டி வரும். எந்தக் காரணத்தால் சூடேறியது என்று கண்டுபிடிக்காமல் விட்டாலும் அதேதான்.

நான்காம் படி: டைமிங் பெல்ட்

என்ஜினின் கீழ்ப்பகுதியும் மேல்பகுதியும் தாளம் தப்பாமல் சுழல வைப்பது இந்த ரப்பர் பெல்ட். பல என்ஜின்களில் பெல்ட் அறுந்தால் திறந்திருக்கும் வால்வு மேலே வரும் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். அறுவதற்கு முன் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. அதனால்தான் இதை நாள் பார்த்து மாற்றுகிறோம். பல நிறுவனங்கள் 1,00,000 முதல் 1,60,000 கி.மீ. வரை ஏதோ ஓர் எல்லையையும், அதோடு இத்தனை வருடம் என்ற ஓர் எல்லையையும் சொல்கின்றன. எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. உங்கள் மாடலுக்கான எண்ணைக் கையேட்டில் பாருங்கள். கொஞ்சமே ஓடிய வண்டியிலும் ரப்பருக்கு வயதாகும் என்பதை மறக்க வேண்டாம்.

மாற்றும்போது பெல்ட், டென்ஷனர், ஐட்லர் உருளைகள், அந்தப் பெல்ட்டாலேயே ஓடும் வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கூலியில் முக்கால் பங்கு பிரிப்பதற்கும் சேர்ப்பதற்கும்தான் போகிறது. பம்புக்கு ஆகும் கொஞ்சப் பணத்தை மிச்சப்படுத்திவிட்டு, அடுத்த வருடம் அது ஒழுகினால் முழுக் கூலியையும் இன்னொரு முறை கொடுக்க வேண்டும். கிரான்க் ஷாஃப்ட்டின் ஆயில் சீல் கசிகிறதா என்றும் அந்த நேரத்திலேயே பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் பட்டால் பெல்ட் ரப்பர் கெட்டுவிடும்.

சில புதிய வகை என்ஜின்களில் பெல்ட் என்ஜின் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. தவறான ஆயில் ஊற்றினால், அல்லது ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டால், ரப்பர் துகளாக உதிர்ந்து ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும். இப்படிப்பட்ட என்ஜினில் ஆயில் மாற்றிய பில்கள் இல்லை என்றால் அந்த வண்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஐந்தாம் படி: ஓட்டிப் பாருங்கள்

ரேடியோவை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, நல்ல சாலையிலும் மேடுபள்ளத்திலும் ஓட்டுங்கள். முடிந்தால் கொஞ்சம் சுமையோடு.

கிளட்ச்: உயர்ந்த கியரில் நிதானமான வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். என்ஜின் சுழற்சி எகிறி, வண்டி வேகம் எடுக்காவிட்டால் பிளேட் வழுக்குகிறது. நியூட்ரலில் நிற்கும்போது கேட்கும் கரகரச் சத்தம் கிளட்ச் மிதித்ததும் மாறுகிறதா என்றும் கவனியுங்கள். பல டீசல் வேன்களில் என்ஜின் அதிர்வை அடக்க இருக்கும் இரட்டை நிறை ஃப்ளைவீல் என்ற சக்கரம் தேய்ந்தாலும் இப்படிச் சத்தம் வரும். அதன் விலை கிளட்ச் செட்டையே தாண்டிவிடும், ஆகவே “கிளட்ச்சுக்கு எவ்வளவு?” என்று கேட்கும்போது ஃப்ளைவீல் சேர்த்தா, சேர்க்காமலா என்று தெளிவாகக் கேளுங்கள். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கியர் பாக்ஸ் பக்க ஆயில் சீல், எல்லாம் ஒரே இறக்கத்தில் முடிய வேண்டும்.

ஆட்டோமேட்டிக் என்றால் கியர் மாறும்போது உதைக்கிறதா, ரிவர்ஸ் போட்டதும் இழுக்கத் தாமதிக்கிறதா என்று பாருங்கள். ஆயிலைப் பார்க்கக் குச்சி இருந்தால், கருகிய வாடையும் கரும்பழுப்பு நிறமும் கெட்ட செய்தி. ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸைப் பிரித்துச் செய்யும் வேலை, பழைய வேனின் மதிப்பில் பெரும் பகுதியை விழுங்கிவிடும்.

வீல் பேரிங்: வேகம் கூடக்கூட ஹூம் என்று ஏறும் சத்தம், வளைவில் சுமை ஒரு பக்கம் சாயும்போது மாறினால் பேரிங் போயிருக்க வாய்ப்பு அதிகம். வளைவில் மாறவே இல்லை என்றால் டயராக இருக்கலாம். டயரை இடம் மாற்றிப் பார்ப்பது செலவில்லாத சோதனை.

பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் ஆடினால் டிஸ்க் சீராக இல்லை. ஒரு பக்கம் இழுத்தால் பேடை அழுத்தும் காலிப்பர் நகர உதவும் கம்பி (பின்) இறுகியிருக்கலாம், ஹோஸ் அடைத்திருக்கலாம். டிஸ்க்கின் ஓரத்தில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். அதற்குக் கீழே தேய்ந்திருந்தால் பேட் மட்டும் மாற்றிப் பயனில்லை. பின்னால் டிரம் இருந்தால் சக்கரத்தின் உள்பக்கம் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். வீல் சிலிண்டர் ஒழுகினால் லைனிங்கும் நனைந்துவிடும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 155 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். சுமையோடு நீண்ட இறக்கத்தில் வரும் வேனுக்கு இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. வாங்கியதும் மாற்றிவிடுங்கள், அப்புறம் 2 வருடத்துக்கு ஒருமுறை.

ஆறாம் படி: டீசல் என்றால்

குளிரில் கிளம்பத் தாமதித்து, வெள்ளைப் புகை விட்டு, ஒரு நிமிடத்தில் சரியாகிவிடுகிறதா? கிளம்பும் முன் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் ஒன்றோ இரண்டோ போயிருக்கும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். பாகம் மலிவு, ஆனால் பல வருடம் அசையாத பிளக் கழற்றும்போது ஹெட்டுக்குள்ளேயே முறிந்துவிடலாம். முறிந்தால் துளையிட்டு எடுக்கத் தனிக் கூலி. இந்த ஆபத்தை வேலைக்கு முன்பே மெக்கானிக்கோடு பேசிக்கொள்ளுங்கள். என்ஜினைச் சூடாக்கி, ஊடுருவும் எண்ணெய் விட்டு, நிதானமாகச் செய்கிறவரிடமே கொடுங்கள்.

இன்ஜெக்டரின் அடியில் தார் போலக் கறுப்பாகப் படிந்திருந்து, ‘சுக் சுக்’ என்று காற்றுச் சத்தம் வந்தால் அடி வாஷர் கசிகிறது. ஆரம்பத்திலேயே செய்தால் சின்ன வேலை. விட்டுவிட்டால் இன்ஜெக்டர் இடத்திலேயே இறுகி, வெளியே எடுப்பதே பெரிய வேலையாகிவிடும். இன்ஜெக்டர்களையே மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், திரும்பி வழியும் டீசலின் அளவை ஒவ்வொன்றுக்கும் அளந்து காட்டச் சொல்லுங்கள். எது கெட்டதோ அதுதான் அதிகம் வழியும்; நான்கையும் மாற்ற வேண்டிய அவசியம் இல்லாமல் போகலாம்.

இழுவை இல்லை, கறுப்புப் புகை என்றால் உடனே “டர்போ போச்சு” என்பார்கள். அதற்கு முன் டர்போவிலிருந்து வரும் காற்று ஹோஸ் எங்காவது கிழிந்திருக்கிறதா, வேக்குவம் குழாய் கழன்றிருக்கிறதா, எரிந்த புகையில் ஒரு பங்கை மறுபடி என்ஜினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வு கரி பிடித்து மாட்டிக்கொண்டிருக்கிறதா, காற்று ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மலிவான காரணத்திலிருந்து விலை உயர்ந்த காரணத்தை நோக்கிப் போவதுதான் சரியான வரிசை. உண்மையிலேயே டர்போ போயிருந்தால், அதற்கு ஆயில் கொண்டுவரும் குழாயையும் மாற்றச் சொல்லுங்கள். பழையது ஆயில் போகாமல் செத்திருந்தால், அடைத்த குழாயோடு மாட்டும் புதியதும் அப்படியே சாகும்.

புகைத் துகள் வடிகட்டி உள்ள டீசல் வேன் நகரத்துக்குள் மட்டும் ஓடினால் தொல்லை கொடுக்கும். சேர்ந்த கரியை எரிக்க வடிகட்டிக்குள் சுமார் 600 டிகிரி வெப்பம் வேண்டும். அதற்கு வண்டி கொஞ்ச நேரம் ஒரே சீராக ஓட வேண்டும். பாதியில் அணைத்துக்கொண்டே இருந்தால் எரிப்பதற்காக விட்ட டீசல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி என்ஜின் ஆயிலில் கலக்கும். குச்சியில் அளவு கூடி டீசல் வாடை அடிப்பதற்கு இதுவே முக்கியமான காரணம். உங்கள் ஓட்டம் தினமும் சின்னச் சின்னத் தூரம்தான் என்றால், பெட்ரோல் வேன் பாருங்கள். டீசல் மைலேஜில் மிச்சமாகும் பணத்தைவிட வடிகட்டிக்கு அதிகம் போய்விடும்.

ஏழாம் படி: அடியில் படுத்துப் பாருங்கள்

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. ஸ்டாண்டு வைத்த பிறகுதான். பட்டறையில் தூக்கிப் பார்த்தால் இன்னும் நல்லது.

துருவைத்தான் முதலில் தேட வேண்டும். மேல்தோலில் உள்ள துருவைத் தேய்த்து வண்ணம் பூசலாம். சேஸி, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதி, பட்டை ஸ்பிரிங் மாட்டும் இடம், சஸ்பென்ஷன் பிடிக்கும் இடம், இவற்றில் இருப்பது வேறு. ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டிய இடத்தில் மந்தமாகக் கேட்டால் உள்ளே இற்றுப்போயிருக்கிறது. புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் எதற்காக அடித்தார்கள் என்று கேளுங்கள். வெல்டிங் வேலையில் முன்கூட்டியே சொல்லும் மதிப்பீடு நிற்பதில்லை. வெட்டிப் பார்த்தால்தான் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று தெரியும். என்ஜின் கெட்டால் வேறு என்ஜின் ஏற்றலாம், உடல் இற்ற வண்டிக்கு மாற்று உடல் இல்லை. அதனால் சுமாரான என்ஜினும் துருவில்லாத உடலும் உள்ள வேன், அருமையான என்ஜினும் இற்ற சேஸியும் உள்ள வேனைவிட எப்போதும் மேல்.

அங்கேயே பிரேக் குழாய்கள் துருப்பிடித்துச் செதில் விடுகின்றனவா, பட்டையில் விரிசல் இருக்கிறதா, ஷாக் அப்சார்பர் எண்ணெய் கசிந்து நனைந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம். முன் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங்கும் பால் ஜாயின்ட்டும், இடமும் வலமும் ஆட்டினால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டும் ஆட்டம் காட்டும்.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கத் தேதி இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம். பட்டன் (தரையில் பதியும் வரிப்பகுதி) நன்றாக இருந்தும் 10 வருடத்தை நெருங்கிய டயர் வேண்டாம். ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள். வேனுக்குச் சுமை தாங்கும் வகை டயர் வேண்டும். விலை குறைவு என்று கார் டயரை மாட்டியிருந்தால் அந்தச் செலவையும் பட்டியலில் எழுதுங்கள்.

எட்டாம் படி: மின்சாரமும் கதவும்

மல்டிமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். என்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போனால் பேட்டரி பலவீனம். பேட்டரி சரியாக இருந்தும் செல்ஃப் மெதுவாகச் சுற்றினால், மோட்டாரை மாற்றும் முன் என்ஜினுக்கும் பாடிக்கும் இடையிலுள்ள எர்த் பட்டையைக் கழற்றிச் சுத்தம் செய்து பாருங்கள். பழைய வேன்களில் தேவையில்லாமல் மாற்றப்படும் செல்ஃப் மோட்டார்களுக்குக் கணக்கே இல்லை.

வண்டிக் கம்ப்யூட்டரில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஸ்கேனர் மாட்டிப் பார்க்கும்போது பிழை எண் எதுவும் இல்லை என்று வந்தால் மட்டும் திருப்தி அடையாதீர்கள். ‘ரெடினஸ்’ என்ற பக்கத்தையும் திறக்கச் சொல்லுங்கள். பிழைகளைச் சமீபத்தில் அழித்திருந்தால் வண்டியின் சுயசோதனைகள் பல ‘முடியவில்லை’ என்று காட்டும். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் அப்படி வரலாம். கேளுங்கள், ஒரு நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு மறுபடி பாருங்கள்.

ஸ்லைடிங் கதவின் உருளை தேய்ந்தால் கதவு தொங்கி, மூடும்போது இடிக்கும். உருளை மலிவு, பாதையே தேய்ந்திருந்தால் டிங்கரிங் வேலை. பின் கதவிலும் ஸ்லைடிங் கதவிலும் மடங்கி மடங்கி உள்ளே வயர் அறுவது வேன்களுக்கே உரிய நோய். சென்ட்ரல் லாக்கும் பின் விளக்கும் விட்டுவிட்டு வேலை செய்தால் முதலில் அந்த ரப்பர் உறைக்குள் பாருங்கள்.

ஒன்பதாம் படி: பட்டியலும் பேரமும்

பார்த்ததை எல்லாம் ஒரு தாளில் நான்காகப் பிரித்து எழுதுங்கள். பிரேக், ஸ்டீயரிங், டயர், சேஸித் துரு ஆகியவை ஓட்டத் தொடங்கும் முன்பே முடிய வேண்டியவை. கூலன்ட், ஆயில் கசிவு, டைமிங் பெல்ட் ஆகியவை விட்டால் என்ஜினைக் கொல்பவை, முதல் மாதத்துக்குள். பேட்டரி, செல்ஃப், டீசல் ஃபில்டர் ஆகியவை வழியில் நிறுத்துபவை, அடுத்து. ஏ.சி., ஜன்னல் மோட்டார், கீறல்கள் பணம் இருக்கும்போது. முதல் இரண்டு வரிசையின் மொத்தத்தை விலையிலிருந்து குறைக்கச் சொல்லிப் பேசுங்கள். பட்டியலை விற்பவரிடம் காட்டியே பேசலாம். நியாயமானவர் என்றால் ஒப்புக்கொள்வார்.

வாங்கும் முன் ஒரு மெக்கானிக்கை அழைத்துச் சென்று 1, 2 மணி நேரக் கூலி கொடுத்துப் பார்க்கச் சொல்வது வீண் செலவே இல்லை. விற்பவரின் மெக்கானிக் வேண்டாம், உங்கள் ஆள்.

ஸ்பேர் வாங்கும்போது எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கதவு, கண்ணாடி, விளக்கு, இருக்கை ஆகியவற்றைப் பழைய வண்டி உடைக்கும் இடத்தில் தாராளமாக வாங்குங்கள். ஆல்டர்னேட்டர், செல்ஃப், காலிப்பர் ஆகியவை பழையதைக் கொடுத்துப் புதுப்பித்ததை வாங்கும் முறையில் கிடைக்கும். உத்தரவாதம் இருந்தால் நல்லது. பிரேக் பேட், டைமிங் செட், வாட்டர் பம்ப், கிளட்ச் இவற்றில் மட்டும் மலிவு தேடாதீர்கள். சாமானின் விலையைவிட அதை மறுபடி எட்டுவதற்கான கூலி அதிகம்.

பட்டறையில் விடும்போது, “என்ன பிரச்சினையோ பாருங்க” என்று சாவியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். எப்போது வருகிறது, குளிரிலா சூட்டிலா, எந்த வேகத்தில், சுமையோடா என்று எழுதிக் கொடுங்கள். கண்டுபிடிக்கும் நேரம் குறையும், கூலியும் குறையும். மதிப்பீட்டில் சாமான் தனியாக, கூலி மணி தனியாக எழுதி வாங்குங்கள். சொன்னதற்கு மேல் போனால் கேட்டுவிட்டே செய்ய வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள்; நல்ல மெக்கானிக் தானாகவே காட்டி, எங்கே தேய்ந்தது என்று விளக்குவார். புதுப்பித்த சாமானுக்கு மாற்றாகப் பழையதைக் கொடுக்க வேண்டியிருந்தால், பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

வாங்கிய முதல் வாரத்தில் செய்ய வேண்டிய சர்வீஸ் இது: என்ஜின் ஆயிலும் ஃபில்டரும், காற்று ஃபில்டர், எரிபொருள் ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில், கியர் ஆயில், பின் சக்கர இழுவை வண்டி என்றால் டிஃபரன்ஷியல் ஆயில், ஆல்டர்னேட்டர் பெல்ட். எல்லாம் சேர்த்து 3, 4 கூலி மணிக்குள் அடங்கும். அன்றைய கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, முதல் ஒரு மாதம் வாரம் ஒருமுறை குளிர்ந்த என்ஜினில் ஆயில் அளவும் கூலன்ட் அளவும் பாருங்கள். ஆயில் மெதுவாகக் குறைந்தால் ஊற்றிக்கொண்டே ஓட்டலாம். வெளியே ஒழுகாமல் கூலன்ட் குறைந்துகொண்டே வந்தால் அந்த வாரமே நீலத் திரவச் சோதனைக்கு வண்டியைக் கொண்டுபோய் விடுங்கள்.